நாளைய தேதியில் ஒரு டிக்கெட்

பேருந்துப் பணிமனையின் கடைசி அறையில், ஒருவர் நுழைந்தால் இன்னொருவர் வெளியே வந்தாக வேண்டிய இடத்தில், இருபத்துமூன்று ஆண்டுகளாக ஒரு மெக்கானிக் உட்கார்ந்திருந்தார். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் 'கிர்க்'. கண்டக்டர்கள் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் டிக்கெட் மெஷினின் கைப்பிடியைச் சுற்றினால் வருகிற சத்தம் அது. அதைக் கேட்டே எந்தச் சக்கரத்தில் எந்தப் பல் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். வீட்டில் மனைவி மூன்று தடவை கூப்பிட்டால்தான் அதே காதில் விழும் என்பது வேறு விஷயம்.

மெஷின் என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்ய வேண்டாம். செங்கல் அளவுக்கு ஓர் இரும்புப் பெட்டி. கனமும் கிட்டத்தட்ட அதேதான். உள்ளே, எழுத்துகள் புடைத்த சக்கரங்கள் ஒரே கம்பியில் கோத்திருக்கும். கட்டணத்துக்கு ஒன்று, ஏறிய இடத்துக்கு ஒன்று, தேதிக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று. கண்டக்டர் கட்டணத்தைத் திருகி வைத்துக் கைப்பிடியை முழுச் சுற்று சுற்றுவார். மை உருளை சக்கரங்களின் முகத்தில் ஊதா பூசும். காகிதச் சுருள் அவற்றின்மேல் அழுந்தி, வாயிலிருந்து நாக்கு மாதிரி வெளியே நீளும். பாதிச் சுற்றில் மனம் மாறித் திருப்பிச் சுற்ற முடியாது. அதைத் தடுக்கவே உள்ளே ஒரு கொக்கி காவல் நிற்கிறது.

"மனுஷனுக்கும் இப்படி ஒரு கொக்கி வெச்சிருந்தா பாதி வம்பு குறைஞ்சிருக்கும்" என்பது கிர்க்கின் தத்துவம். அதைக் கேட்க அந்த அறையில் இரண்டாவது ஆளுக்கு இடமில்லாததால் அது பரவவில்லை.

ஒரு திங்கட்கிழமை, பதினேழாம் எண் மெஷின் நாளைய தேதியை அச்சடித்தது. காலையில் ஒழுங்காகத்தான் இருந்தது. மதியத்துக்கு மேல் நாளைக்குப் போய்விட்டது. செவ்வாய்க்கிழமையும் அதே கூத்து. டிக்கெட் பரிசோதகர் ஒரு பயணியைப் பிடித்து, "யோவ், இது நாளைக்கு உள்ள டிக்கெட்டுய்யா!" என்று அதட்டினார்.

"அப்ப நான் இன்னும் பஸ்ஸே ஏறல சார். யாரைப் பிடிச்சு வெச்சிருக்கீங்க?"

பரிசோதகர் அந்த டிக்கெட்டைப் பணிமனைக்குக் கொண்டுபோனார். யாரைப் பிடிக்க வேண்டும் என்று பணிமனை மேலாளருக்குத் தெரிந்தது. நேராகக் கடைசி அறைக்கு வந்தார்.

"சனிக்கிழமைக்குள்ள சரி பண்ணுங்க. இல்லன்னா உங்களுக்கு டயர் ஷெட்டு. மெஷினுக்கு வேற ஆள் போட்டுக்கறேன்."

டயர் ஷெட் என்பது தகரக் கூரைக்குக் கீழே ஆள் உயர டயர்களை நாள் முழுக்கப் புரட்டுகிற இடம். கிர்க் போனாலும் அவருடைய முதுகு அங்கே வேலைக்குச் சேராது.

புதன்கிழமை பதினேழை நான்கு தடவை அக்கக்காகப் பிரித்துப் போட்டார். ஒவ்வொரு பல்லையும் பூதக்கண்ணாடியில் பார்த்தார். மாட்டியபின் ஐந்நூறு சுற்று சுற்றினார். ஐந்நூறாவது டிக்கெட்டும் பரம சாதுவாக அன்றைய தேதியையே சொன்னது. வியாழக்கிழமை, பதினேழை மாட்டிக்கொண்டு போகிற கண்டக்டரிடம் ஒரு மாசுமறுவற்ற நாற்பதாம் எண்ணைக் கொடுத்தனுப்பினார். மதியத்துக்கு மேல் நாற்பதும் நாளைக்குப் போய்விட்டது.

ஆக, மெஷின் மாறியது, தேதி மாறியது. மாறாமல் இருந்தது கண்டக்டர் மட்டும்தான். அந்தக் கண்டக்டர் கிர்க்கின் மனைவிக்கு உடன்பிறந்த அண்ணன்.

"உங்க அண்ணன்கிட்டதான் என்னமோ இருக்கு" என்றார் அன்று சாப்பிடும்போது, குரலைத் தாழ்த்தி.

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "இருபத்துமூணு வருஷமா பல்லுச்சக்கரத்தை நோண்டுறீங்க, ஒரு தேதியை நிக்க வெக்கத் தெரியல. இதுல எங்க அண்ணனைச் சொல்ல வந்துட்டீங்களா?"

"சொல்லலம்மா. சந்தேகப்படறேன்."

"அதை மனசுக்குள்ளயே படுங்க."

வெள்ளிக்கிழமை விடுப்பு போட்டுவிட்டு, மச்சானுடைய பேருந்திலேயே ஏறி உட்கார்ந்தார்.

"என்ன மாப்ள, இந்தப் பக்கம்?"

"சும்மா காத்து வாங்கலாம்னு, மச்சான்."

மச்சானுடைய வயிற்றைப் பற்றி இங்கே மரியாதையாக ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பேருந்தில் முதலில் ஏறுவது அதுதான். அவர் பின்னால் வருவார். மெஷினின் தேதிச் சக்கரமோ, தினமும் காலையில் நகத்தால் தள்ளிவிட வசதியாக, ஒரு அரிசி அளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பயணிகள் கை படக்கூடாது என்று அதைப் பெட்டியின் முதுகுப் பக்கம், அதாவது கண்டக்டரின் உடம்புப் பக்கம், வைத்திருந்தார்கள். இதை வடிவமைத்த மேதை ஒல்லியான கண்டக்டர்களை மட்டுமே பார்த்திருக்க வேண்டும்.

மதியச் சாப்பாடு முடிந்து வண்டி கிளம்பியது. ஓட்டுநர் ஏதோ சொல்ல, மச்சான் வயிறு குலுங்கச் சிரித்தார். மெஷின் ஏறி இறங்கியது. சட்டைப் பொத்தான் தேதிச் சக்கரத்தைக் கவ்வி ஒரு பல் மேலே தூக்கியது.

'டிக்.'

அத்தனை பேர் இருந்த வண்டியில் ஒரே ஒரு காதில்தான் அது விழுந்தது.

சனிக்கிழமை காலை மேலாளர் அறையில், கையில் பதினேழோடு நின்றார் கிர்க்.

"மெஷினுக்கும் கண்டக்டருக்கும் நடுவுல இடம் போதல, சார்."

"புரியற மாதிரி சொல்லுங்க."

"வயிறு, சார்."

"வயிறு தேதியை மாத்துமா? யாருகிட்ட கதை விடறீங்க? குடுங்க இப்படி!"

மேலாளர் ஒல்லி என்று அவருடைய அம்மாகூடச் சொன்னதில்லை. வாரைக் கழுத்தில் மாட்டி, கைப்பிடியைச் சுற்றினார். இன்றைய தேதி. வெற்றி தாங்காமல் கடகடவென்று சிரித்தார். சிரித்ததுதான் தப்பாகப் போயிற்று. மறுபடி சுற்றினால் ஞாயிற்றுக்கிழமைத் தேதி வந்தது. சிரிப்பை நிறுத்தி, என்னடா இது என்று குனிந்து பார்த்தார். 'டிக்.' சுற்றினால் திங்கட்கிழமைத் தேதி வந்தது.

மேலாளர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அறிக்கையில காரணம்னு என்ன எழுதப் போறீங்க?"

"சக்கரம் வெளிய துருத்திக்கிட்டு இருக்குன்னு எழுதறேன், சார்."

"சக்கரம்தானே?"

"சக்கரம் மட்டும்தான், சார்."

"சரி. டயர் ஷெட்டுக்கு நான் வேற ஆள் பாத்துக்கறேன். நீங்க உங்க ரூமுக்குப் போங்க."

அன்றைக்கே ஒரு காலி மை டப்பாவின் தகரத்தை நக அளவுக்கு வெட்டி, வளைத்து, சக்கரத்தின் மேல் சின்னதாக ஒரு கூரை போட்டார். விரல்நகம் மட்டும் நுழைய வழி. பொத்தான் நுழைய வழியில்லை. திங்கட்கிழமை மச்சான் வந்து வாங்கி, புரட்டிப் பார்த்தார்.

"நான்தான் அப்பவே சொன்னேன்ல மாப்ள, கோளாறு மெஷின்லதான்னு?"

"ஆமா மச்சான், உங்களுக்குத் தெரியாததா?"

மச்சானுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. மெஷினைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வாசலை அடைத்தபடி நின்று ஆசைதீரச் சிரித்தார். கிர்க் காதைத் தீட்டிக்கொண்டு, அவர் சிரித்து முடிக்கிறவரை அசையாமல் கேட்டார். ஒரு 'டிக்' கூட வரவில்லை. அப்புறம்தான் அவரும் சிரித்தார்.