ஒரு கிலோ நொதி என்ன விலை?

பிஸ்கட் கம்பெனியில் அவளுக்குப் பட்டப்பெயர் ‘தசமம்’. ஒரு பிஸ்கட்டுக்கு மாவு எவ்வளவு, அடுப்புக்கு எவ்வளவு, உடைந்து வீணாவது எவ்வளவு என்று புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் வரை பிசகாமல் சொல்வாள். இருபத்திரண்டு வருடம் அப்படியே ஓடியது. கம்பெனியை மூடியபோது அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. வேலைக்கு அலையாய் அலைந்து, கடைசியில் நொதி தயாரிக்கும் ஆலை ஒன்றில் அடக்கவிலைக் கணக்கராகச் சேர்ந்தாள்.

அவளுக்குப் புரிந்தது இவ்வளவுதான். ஒருவகைப் பூஞ்சையை எஃகுத் தொட்டியில் வளர்த்தால் அது ஒரு சாற்றை விடும், அதுதான் நொதி. அது வைக்கோலைக் கரைத்துச் சர்க்கரையாக்கும். அந்தச் சர்க்கரையைப் புளிக்க வைத்தால் வண்டிக்கு எரிபொருள். சாலையின் மறுகோடியில் இருந்த எரிபொருள் ஆலைதான் இவர்களுடைய ஒரே பெரிய வாடிக்கை.

முதல் வாரமே முதலாளி கூப்பிட்டார். எரிபொருள் ஆலைக்காரர்கள் வருடம் முழுக்க ஒரே விலை கேட்கிறார்கள். ஒரு கிலோ நொதி நமக்கு என்ன அடங்குகிறது என்று ஒரே ஒரு எண் மாதக் கடைசிக்குள் வேண்டும் என்றார். இதென்ன பிரமாதம், இரண்டு நாள் வேலை என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

ஆய்வகத்து மேடம் எதிர்க்கேள்வி போட்டாள். எதில் ஒரு கிலோ? கேனில் போகும் திரவத்திலா, அதற்குள் இருக்கும் புரதத்திலா? திரவத்தில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர். புரதத்தை எடுத்துக்கொண்டாலோ, போன மாதம் ஒரு கிலோ செய்த வேலையை இந்த மாதம் முக்கால் கிலோவே செய்துவிடுகிறது.

“அப்போ எதைத்தான் மேடம் ஒரு கிலோன்னு எழுதறது?”

“எனக்கும் அதுதான் தெரியல.”

தொட்டிக்காரர் இன்னும் குழப்பினார். எட்டுத் தொட்டிக்கு ஒன்றில் வேறு கிருமி புகுந்துவிடும். ஒரு வார உழைப்பு சாக்கடைக்குப் போகும். அந்தச் செலவை எந்தத் தொட்டியின் தலையில் கட்டுவது? பேசிக்கொண்டே நடந்தபோது கிடங்கில் கூரை வரை அடுக்கியிருந்த மூட்டைகளைப் பார்த்தாள். சர்க்கரை.

“இது எதுக்கு?”

“பூஞ்சைக்குத் தீனிக்கா.”

“வைக்கோல்லேர்ந்து சர்க்கரை எடுக்கத்தானே நொதி? அப்போ சர்க்கரையப் போட்டுச் சர்க்கரைய எடுக்கறோமா?”

அவர் தலையைச் சொறிந்தார். “போடறது கொஞ்சம், வர்றது நிறையன்னு மேடம் சொல்வாங்க. எவ்வளவு நிறையன்னு நான் கேட்டதில்ல.”

அவள் கேட்டாள். ஒரு மூட்டை போட்டால், நல்ல வைக்கோலில் எட்டு மூட்டை வரும். நனைந்த வைக்கோலில் ஐந்துகூடத் தேறாது. போடுவதோ கடைச் சர்க்கரை, வருவதோ கலங்கல் தண்ணீரில் கரைந்த சர்க்கரை. இரண்டையும் எந்தத் தராசில் வைப்பது என்று பிடிபடவில்லை. வீட்டுக்கு வந்து தையல்காரரான கணவரிடம் ஆதியோடந்தமாகச் சொன்னாள். கழுத்தில் டேப்போடு பொறுமையாகக் கேட்டவர், சட்டை தைக்க நூல் வேண்டுமென்று சட்டையையே பிரிக்கிற மாதிரி இருக்கிறது என்றார். அப்படியில்லை என்றாள். பின்னே எப்படி என்று அவர் கேட்க, அவள் காகிதத்தை எடுத்து எட்டையும் ஐந்தையும் மறுபடி எழுதினாள்.

சர்க்கரைக்கு அடுத்தபடி பெரிய செலவு, சாற்றை வடிகட்டி, தண்ணீரை நீக்கிக் கெட்டியாக்கி, குளிரில் வைப்பது. ஒருநாள் கேன் வண்டியிலேயே ஏறி எரிபொருள் ஆலைக்குப் போய்ப் பார்த்தாள். அங்கே ஒருவர் குழாயைத் திறந்து, இருபது பங்கு தண்ணீரில் அந்தக் கெட்டிச் சாற்றை ஊற்றிக்கொண்டிருந்தார். இங்கே காசைக் கொட்டித் தண்ணீரை எடுக்கிறோம், அங்கே திரும்ப ஊற்றுகிறார்கள்.

வடிகட்டாமலே அனுப்பினால் என்ன என்று மேடத்தைக் கேட்டாள். பூஞ்சை உயிரோடு போய், வருகிற சர்க்கரையைத் தானே தின்றுவிடும் என்றாள் மேடம். இரண்டு நாள் கழித்து மேடமே தேடி வந்து, கொஞ்சம் அமிலம் விட்டுப் பூஞ்சையைக் கொன்றுவிட்டு அனுப்பலாமோ என்றாள். மூன்று தொட்டிச் சாற்றை அப்படி அனுப்பிப் பார்த்தார்கள். இரண்டு அமோகம். மூன்றாவதில் சர்க்கரை ஏன் குறைந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனாலும் செலவில் மூன்றில் ஒரு பங்கு கழன்றுவிட்டது.

மாதக் கடைசியில் முதலாளி முன் வெறுங்கையோடு நின்றாள். கிலோவுக்கு விலை பேச வேண்டாம், வைக்கோலிலிருந்து வெளியே வரும் சர்க்கரைக்கு இவ்வளவு என்று பேசலாம் என்றாள். முதலாளி சரி என்றார். எரிபொருள் ஆலைக்காரர்கள் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்கள். வைக்கோல் நனைந்து வந்தால் நஷ்டம் இனி நம் தலையில்தானே என்று அந்த அவசரத்தைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

படியிறங்கும்போது முதலாளி குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“இப்போ நமக்கு லாபமா, நஷ்டமா?”

“வைக்கோல் வரட்டும் சார். பார்த்துட்டுச் சொல்றேன்.”

வருடம் இரண்டு ஓடிவிட்டது, ஆலையும் ஓடுகிறது. மாதாமாதம் அவள் ஓர் எண் எழுதிக் கொடுக்கிறாள். எல்லாமே வெவ்வேறு. எதிலும் இதுவரை அவளால் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை.