பந்தயத்துக்கு முந்தின இருபத்தொரு நாள்

தென்காசியிலிருந்து பாவூர்சத்திரம் போய்த் திரும்பும் சைக்கிள் பந்தயம் ஒன்று ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்கும் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தேன். பழசாக வாங்கிய சைக்கிள் ஒன்று வைத்திருந்தேன். அன்றைக்கே பெயர் கொடுத்துவிட்டேன்.

எங்கள் ஊர்க்காரனுக்குத்தான் அந்தப் பாதையின் சங்கதி தெரியும். சாரல் காலத்தில் காற்று மலையிலிருந்து கிழக்கே அடிக்கும். போகும்போது முதுகைப் பிடித்துத் தள்ளும், மிதிக்கவே வேண்டாம். திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் முட்டும். அந்த ஏழெட்டு மைல் எதிர்காற்றில் மிதித்துப் பழகினவனுக்குத்தான் பந்தயம். மூன்று வாரத்துக்குமேல் இருந்தது. தினமும் விடியக் கிளம்பிப் போய்வர வேண்டும் என்று முடிவு செய்தேன்.

இரண்டு நாள் போனேன். மூன்றாம் நாள் அம்மாவின் அண்ணன் வாசுதேவநல்லூரிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கினார். மாமாவுக்கு முட்டுவலி. இருபத்தொரு நாள் விடாமல் குற்றாலத்தில் குளிக்கும்படி வைத்தியர் சொல்லியிருந்தாராம். விடியற்காலையில் குற்றாலத்துக்குப் பஸ் கிடையாது, அதனால் முதல் நாள் மாட்டுவண்டியில் அனுப்பினோம். குலுங்கின குலுங்கலில் வலி கூடிவிட்டது என்று முனகிக்கொண்டே திரும்பினார்.

"நீதான் தெனம் காலம்பற சைக்கிள்ல போறியே, மாமாவப் பின்னால வச்சுக் கூட்டிட்டுப் போயேன்" என்றாள் அம்மா.

"எம்மா, நான் போறது கெழக்க. குத்தாலம் மேக்க இருக்கு."

"எங்கன போனா என்ன? மிதிக்கத்தானே செய்யுத?"

மறுநாள் மாமாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மேற்கே கிளம்பினேன்.

மாமா நல்ல கனம். தைலம் ஊற வேண்டும் என்று வீட்டிலேயே தேய்த்துக்கொண்டு கேரியரில் உட்காருவார். என் சட்டை முதுகெல்லாம் தைலக்கறை. கொஞ்சம் வேகம் எடுத்தால் போதும், "ஏலே மருமவனே, மெல்லப் போ. பள்ளத்துல விடுதியே" என்று தோளைப் பிடித்து அழுத்துவார். தெரிந்தவர் யாராவது எதிரே வந்தால் நிறுத்தச் சொல்லி, இறங்காமலே ஊர்க்கதை பேசுவார். நான் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு நிற்பேன். அருவியில் சீசன் கூட்டம். வழுக்கும் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு நானும் நனைவேன். வீடு திரும்ப எட்டரை ஆகிவிடும்.

பாரம் வைத்து மிதித்தால் கால் உரமேறும் என்று கூட வேலை பார்த்தவர் ஆறுதல் சொன்னார். நடக்கிற வேகத்தில் மிதித்தால் என்ன உரம் ஏறும்?

சாயங்காலமாவது போகலாம் என்று பார்த்தேன். வக்கீல் வீட்டிலும் சீசனுக்கு விருந்தாளிகள். "குத்தாலத்துல நல்ல மங்குஸ்தான் பழம் வந்திருக்காம்ல? உங்கிட்டதான் சைக்கிள் இருக்கே" என்பார். மறுபடியும் மேற்கே. ஒரு வாரம் இப்படி, இரண்டு வாரம் இப்படி. பந்தயத்துக்குப் பெயர் கொடுத்த மற்றவர்கள் கிழக்கேயிருந்து வியர்க்க வியர்க்கத் திரும்புவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

பந்தயத்துக்கு நாலு நாள் இருக்கையில், எல்லோரும் எழுந்திருக்குமுன் சைக்கிளைச் சத்தமில்லாமல் வெளியே தள்ளிக்கொண்டு போய்விட்டேன். திரும்புகையில் சாரல் முகத்தில் ஊசி ஊசியாகக் குத்தியது. பாதி வழியில் மூச்சு வாங்கியது. ஆனாலும் அவ்வளவு சந்தோஷம்.

வீட்டு வாசலில் மாமா உடம்பெல்லாம் தைலத்தோடு, தோளில் துண்டோடு நின்றுகொண்டிருந்தார். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஒரு நாள் குளிக்காட்டா முட்டு ஒடஞ்சா போயிரும்?" என்று கத்திவிட்டேன்.

மாமா படியிறங்கி, காலை இழுத்து இழுத்துக் குற்றாலம் ரோட்டில் நடக்க ஆரம்பித்தார். பின்னாலேயே போனேன். "ஏறுங்க மாமா" என்றேன். "நீ போப்பா, ஒன் சோலியப் பாரு" என்றார். கெஞ்சினேன். ஏறவில்லை. மூன்று மைலும் சைக்கிளை உருட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் நடந்தேன். திரும்பும்போதுதான் ஏறினார். அன்று ஆபீசுக்கு மதியம்தான் போய்ச் சேர்ந்தேன்; வக்கீலிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். மறுநாளிலிருந்து மறுபேச்சில்லாமல் மேற்கேயே போனேன்.

பந்தயத்தில் பதினோரு பேர். போகும்போது நான் மூன்றாவது ஆள். பாவூர்சத்திரத்தில் திரும்பினதும் காற்று மாரில் அறைந்தது. இரண்டு மைலில் தொடை கல்லாகிவிட்டது. ஒருவன் முந்தினான், பிறகு இன்னொருவன், பிறகு இன்னொருவன். தலையைக் குனிந்துகொண்டு மண்ணைப் பார்த்து மிதித்தேன். ஆறாவதாக வந்தேன்.

மாமா ஊருக்குக் கிளம்பத் தயாராக இருந்தார். "எத்தனாவதுலே?" என்றார். சொன்னேன். "பதினோரு பேர்ல ஆறாவதா? மோசமில்லியே!" நிஜமாகவே சொன்னார். பஸ்ஸுக்கு முன்னைக்கு எவ்வளவோ நன்றாக நடந்து போனார். அருவி அவர் முட்டுவலிக்குக் கேட்டிருந்தது. அதில் சந்தோஷப்பட எனக்கு அன்று மனசு வரவில்லை. வந்ததுபோல் காட்டிக்கொள்ளவும் இல்லை.

மறுநாள் காலை நேரம் முழுதும் எனக்கே எனக்கென்று கிடந்தது. ஏழு மணிவரை தூங்கினேன். தொடை மிதிக்க மறுத்ததால் ஆபீசுக்கு நடந்தே போனேன்.