வெறும் ரூம்மேட்

செவ்வாய்க்கிழமை காலை நான் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது சகாயமேரி அக்காவின் தம்பி போன் செய்தார். "ரூம்மேட்டா பேசுறது? அக்கா தவறிருச்சு. ஊருக்குக் கொண்டுபோறோம். சாமானெல்லாம் கட்டி வைங்க, அடக்கம் முடிஞ்சதும் ஆட்டோ கொண்டாறேன்." அடக்கத்துக்கு வாருங்கள் என்று சொல்லவில்லை.

நம் விடுதியிலும் அக்கா வேலை பார்த்த லேபிலும் அவரிடம் திட்டு வாங்காதவர் யாருமில்லை. இந்த அஞ்சலியில் அவரை இனிமையானவர் என்று எழுதினால், விடுதித் தோழிகளே, நீங்களே சிரிப்பீர்கள்.

நான் பெட்டியோடு வந்த முதல் நாள் அவர் சொன்னது இது: "ரூம்மேட்னா ரூம்ல பாதி. எங்கிட்டப் பாதி இல்ல. கதை கேக்காத, அழுகாத." என்னைப் பார்க்க வந்த அம்மாவிடம் அவரை ஃப்ரெண்ட் என்று அறிமுகப்படுத்தினேன். "ஃப்ரெண்டெல்லாம் இல்லம்மா, ரூம்மேட்டு" என்று முகத்துக்கு நேரே வெட்டிவிட்டு, அம்மா நீட்டிய முறுக்கை மட்டும் வாங்கிக்கொண்டார்.

டைஃபாய்டில் கிடந்தபோது எனக்கு ரசஞ்சோறு பிசைந்து ஊட்டியதும் அவர்தான். "செத்துகித்துத் தொலைஞ்சிராதடி. மூணு மாடி, ஒன்னைய யாரு எறக்குறது?" சிரித்ததில் எனக்குப் புரையேறியது. அதற்கும் திட்டினார். அன்றுதான் துணிந்து கேட்டேன், ஃப்ரெண்ட் என்று சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று.

"ஃப்ரெண்டு கோவிச்சுக்கிட்டா அவ வீட்டுக்குப் போயிருவா. கூடப் பொறந்தது பங்குக்குத்தான் வரும். ரூம்மேட்டு காறித் துப்பிட்டுப் போனாலும் சாயங்காலம் இங்கதான வந்து படுக்கணும்?"

போன வாரம் மூச்சுத்திணறலோடு அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். ஐசியு வாசலில் நர்ஸ், "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்? சொந்தக்காரங்களத்தான் விடுவோம்" என்றார். தங்கச்சி என்று சொல்லி உள்ளே போனேன்.

"அக்கா, ஒங்க தங்கச்சி வந்திருக்காங்க" என்றார் நர்ஸ்.

கண் திறந்த அக்கா ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கினார். "தங்கச்சி இல்ல. ரூம்மேட்டு."

நர்ஸ் என்னை வெளியே அனுப்பினார். அதற்குப் பின் அவரை நான் பார்க்கவில்லை. மனதுக்குள் அவரைக் காறித் துப்பிக்கொண்டே மாலையில் அறைக்குத் திரும்பினேன். வேறு எங்கே போவது?

தம்பி வந்தார். பக்கெட்டைக்கூட விடாமல் ஏற்றினார். பெட்டியைத் திறந்து துழாவிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க வெறும் ரூம்மேட்டுதான? அக்கா ஒங்ககிட்ட எதுவும் குடுத்து வச்சிருக்கா?"

இல்லை என்றேன். 'ரூம்மேட்டு' என்று அக்கா கொடுத்த சொல்லை அவரிடம் கொடுப்பதாக இல்லை.