தோள் இறங்கிய பிறகு

முதல் ரத்தம் ஒரு சவ ஊர்வலத்தில் வந்தது. பெட்டியின் முன்முனை என் இடது தோளில் இருந்தது. இருமினேன், வாய் கரித்தது. பெட்டியைக் கீழே போட முடியாது. விழுங்கிக்கொண்டு காசிமேட்டுக் கல்லறைவரை நடந்தேன். அது வீரம் இல்லை, முட்டாள்தனம். உங்களுக்கு இருமலில் ரத்தம் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

ராயபுரத்தில் எங்கள் கோயிலில் பெட்டி தூக்க ஆறு பேர் இருந்தோம். ஏழை வீட்டுச் சாவு என்றால் கூலி இல்லாமல் சுமப்போம். நான் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். எனக்கு ஜெபம் வராது. ஜெபமாலை சொன்னால் பாதியில் தூங்கிவிடுவேன். கடவுளுக்குக் கொடுக்க என்னிடம் இருந்தது தோள்தான். நடுவழியில் பெட்டியை இறக்கிவைக்கக் கோயிலில் ஒரு சின்ன பெஞ்சு உண்டு. நாங்கள் அதைத் தொட்டதே இல்லை. நிற்காமல் போவது எங்கள் திமிர்.

காசநோய் என்றார்கள். இடது நுரையீரலில் கேவிட்டி (கிருமி அரித்த குழி). ஊசி போட்டும் அது மூடவில்லை. கடைசியில் தோரகோபிளாஸ்டி (விலா எலும்புகளை எடுத்து, கெட்ட நுரையீரலை அமுக்கிவிடும் அறுவை) செய்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டிருந்ததால் வலி குறைவு. எலும்பை நறுக்கும் சத்தம் மட்டும் நன்றாகக் கேட்டது. பிறகு மார்பின் மேல் மணல் மூட்டை வைத்தார்கள். காலமெல்லாம் மூட்டை சுமந்தவன் மேல் இன்னொரு மூட்டை.

பார்க்க வந்த கோயில் பங்குக்காரர் ஒருவர், நோய் கடவுள் தந்த வரம் என்றார். உங்களுக்கு வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன். நோயில் படுத்தால் உங்களிடமும் யாராவது இப்படிச் சொல்வார்கள். கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

அந்த ஆஸ்பத்திரியில் செத்தவர்களைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். வண்டி வார்டைத் தாண்டிப் போகும். கூட ஒருவரும் நடக்க மாட்டார்கள். ஒவ்வொரு முறையும் என் இடது தோள் எழப் பார்க்கும்.

"மூட்டை தூக்கல சார். சவப்பொட்டி தூக்கலாமா?" என்று டாக்டரிடம் கேட்டேன்.

"மூச்சு விட ஒரு பக்கம் போதும்பா. சுமக்கப் போதாது. அதுக்கு வேற ஆளா இல்லே?"

ஆள் இருக்கிறார்கள். நான் கேட்டது அதுவல்ல.

வீடு திரும்பினேன். துறைமுக வேலை போனது. மனைவி ரெஜினா மீன் விற்றுச் சோறு போட்டாள். மூட்டைக்காக நான் ஏங்கவில்லை. பெட்டிக்காக ஏங்கினேன். சாவு மணி அடித்தால் சாப்பாடு இறங்காது.

கட்டுமரக்காரர் அந்தோணி இறந்த அன்று சட்டையை மாட்டினேன்.

"பொட்டி தூக்கவா போறே?" என்றாள் ரெஜினா. "அப்டியே ஒனக்கும் ஒண்ணு அளவு குட்த்துட்டு வந்துடு."

போனேன். என் பழைய இடத்தில் நுழைந்து தோள் கொடுத்தேன். விலா எடுத்த பக்கம் தோள் இறங்கியிருந்தது, பெட்டி என் பக்கம் சாய்ந்தது. பின்னால் இருந்த சவரி, என்னோடு வருஷக்கணக்கில் சுமந்தவன், குரல் கொடுத்தான்.

"மாமு, வெளிய வா. கடல்ல சாஞ்சிகினே இருந்த மன்சன். இங்கியும் சாய்க்கிறியே."

வெளியே வந்தேன். ஆத்திரத்தில் அவனை அடித்திருப்பேன், மூச்சு இருந்தால்.

"பெஞ்சு சும்மாதான கீது," என்றான். "அத்த எட்த்துகினு முன்னால போ."

பிச்சை போடுவதுபோல் இருந்தது. ஆனாலும் வலது கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். ரயில்வே கேட் அருகே மூச்சு தீர்ந்தது. வழியின் நடுவே பெஞ்சைப் போட்டேன். வேறு வழியில்லாமல் பெட்டியை அதன்மேல் இறக்கினார்கள்.

அப்போதுதான் அந்தோணியின் மனைவி பின்னால் இருந்து வந்து சேர்ந்தாள். கால் வீங்கிய கிழவி. அவளைப்போல எத்தனையோ பேர் எங்கள் ஓட்டத்துக்குப் பின்னால் விழுந்தடித்து வந்திருக்கிறார்கள். ஒருவரையும் நான் பார்த்ததில்லை. பெட்டிக்கு அடியில் இருந்தால் தரைதான் தெரியும். அவள் மூடிமேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"போலாமா மாமு?" என்றான் சவரி.

"இரு," என்றேன்.

அவளுக்கும் எனக்கும் மூச்சு திரும்ப வேண்டியிருந்தது. யாரும் நகரவில்லை.

பிறகு பெட்டியைத் தூக்கினார்கள். இடது தோள் தானாக எழப் பார்த்தது. அது இன்றுவரை நிற்கவில்லை. நான் பெஞ்சை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தேன், மெதுவாக.