நாலாம் நிலவின் பூச்சிச் சத்தம்

1. முதல் நாள்

முதல் நாளே எனக்கும் ஷிஃபாவுக்கும் சண்டை.

தில்லையடியில் ஒரு ஹாட்வெயார் கடைக்கு மேல்மாடி அறை அது. கீழே தகரம் வெட்டுகிற சத்தம், மேலே நாங்கள். சில கம்ப்யூட்டர்கள், ஆட்டம் கண்ட கதிரைகள், கரண்ட் போனால் எல்லாரும் ஒரே குரலில் "அல்லாவே!" என்று கத்துகிற ஒரு வழக்கம். ஷிஃபா வீடியோ கேம் செய்கிற கம்பனி தொடங்கியிருந்தாள். வயதில் எனக்கு மிக இளையவள், ஆனாலும் அவள்தான் பொஸ். புரோகிராமர் ஜெகன், யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து குடும்பத்தோடு வந்து புத்தளத்திலேயே ஊன்றிவிட்டவன். நான் அதுவரை கல்யாண வீட்டு வீடியோக்களுக்குச் சவுண்ட் மிக்ஸ் செய்துகொண்டிருந்தேன். மாப்பிள்ளை ஊர்வலத்தில் யார் இருமினார்கள் என்று காதால் கேட்டே சொல்வேன் என்று ஊரில் எனக்கொரு பெயர்.

ஷிஃபா கேமை விளக்கினாள். விளையாடுகிறவர் ஒரு சின்னக் கப்பலில் நிலவு நிலவாகப் போகிறார். எல்லா நிலவிலும் ஆட்கள் வாழ்ந்த தடயம் இருக்கிறது, ஆட்கள் இல்லை. எங்கே போனார்கள், ஏன் போனார்கள் என்று புதிர்களை அவிழ்த்து அவிழ்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். கடைசியாக, அண்ணனை நானா என்று கூப்பிடுகிற எங்கள் ஊர் வழக்கப்படி, என்னிடம் சொன்னாள்: "நானா, கப்பலுக்கு வெளிய ஒரு சத்தமும் வரக் கூடாது. விண்வெளியில காத்து இல்லத்தானே."

"அப்ப என்னத்துக்குத் தங்கச்சி என்னயக் கூப்பிட்டீங்க? கதிரையில குந்தித் தேத்தண்ணி குடிக்கவா?"

"அண்ணை, கோவிக்காதேங்கோ," என்றான் ஜெகன். "நாலாம் நிலவில ஒரு நகரம் இருக்கு. மேல கண்ணாடிக் கூரை. உள்ளுக்கு காத்து இருக்கு, சத்தமும் வரும். உங்கட வேலை அங்கதான்."

இப்போது இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "நானா, நாலாம் நிலவுக்கு என்ன பிளகின் பாவிச்சீங்க?" சத்தத்தை மாற்றித் தருகிற சொப்ட்வெயார் பிளகினாம், மண்ணாங்கட்டியாம். உட்கார்ந்து கேளுங்கள், சொல்கிறேன்.

2. கழுதை

மூன்றாம் நிலவு வரைக்கும் எல்லாம் சுகமாகப் போனது. அங்கே ஜெகன் செய்த புதிர் ஒன்று இருக்கிறது. பாத்தி பாத்தியாகக் கடல் தண்ணீரைத் திறந்துவிட்டு உப்பு விளையவைக்க வேண்டும். எந்த மடையை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதுதான் புதிர். புத்தளத்து உப்பளத்தை அப்படியே தூக்கி நிலவில் வைத்தான் பாவி. எங்கள் ஊர்ப் பொடியன்கள் கண்ணை மூடிக்கொண்டு அதை முடித்தார்கள், வெளியூர் ஆட்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள்.

வில்லங்கம் நாலாம் நிலவில்தான் வந்தது. அந்த நகரத்தின் காலி வீடுகளுக்குள் ஒரு மிருகம் திரிகிறது. அதற்குக் கண் இல்லை, காது மட்டும்தான். விளையாடுகிறவரின் கையில் ஆயுதம் இல்லை. மிருகம் வரும்போது கதவுக்குப் பின்னால் ஒளிந்து அசையாமல் நிற்க வேண்டும், போன பிறகு அடுத்த வீட்டுக்கு நகர வேண்டும். அங்கேதான் கதையின் முடிச்சும் அவிழ்கிறது. அந்த மக்கள் தாமாகப் போகவில்லை, போகச் சொல்லப்பட்டார்கள்.

ஷிஃபாவின் உம்மா வடக்கு முஸ்லிம்களை ஊரைவிட்டு விரட்டிய தொண்ணூறாம் ஆண்டில், மன்னாரிலிருந்து கையில் பிடித்ததோடு வெளியேறி வந்தவர். ஷிஃபா பிறந்தது புத்தளத்து முகாம் கொட்டிலில். அவள் இதைப் பற்றி எங்களோடு அதிகம் கதைத்ததில்லை. ஆனால் இந்த ஒரு பகுதிக்காகத்தான் அவள் முழுக் கேமையும் செய்கிறாள் என்று எனக்கும் ஜெகனுக்கும் தெரியும்.

மிருகத்துக்குக் குரல் வேண்டும் என்றார்கள். நான் கல்பிட்டி ரோட்டுக்குப் போனேன். எங்கள் பக்கத்தில் மாட்டைவிடக் கழுதைதான் உரிமையோடு ரோட்டில் நிற்கும். ஒரு கழுதை கத்துவதை ரெக்கோட் செய்து, வேகத்தைக் குறைத்து, தலைகீழாகத் திருப்பி, எதிரொலி சேர்த்தேன். ஹெட்போனில் கேட்டபோது எனக்கே மயிர் கூச்செறிந்தது. பெருமையோடு தில்லையடிப் பொடியன்களைக் கூப்பிட்டு விளையாட விட்டேன்.

மிருகம் கத்தியது. பொடியன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"நானா, இது நம்மட கழுதையல்லவா!"

"எதுடா கழுதை? எத்தின எபெக்ட் போட்டிரிக்கேன் தெரியுமா?"

"எத்தினயப் போட்டாலும் கழுதை கழுதைதான் நானா. காலையில பள்ளிக்கூடம் போக்குள்ள தினமும் கேக்கிற சத்தம்."

வேறு ஊரில் அந்தச் சத்தம் ஒருவேளை ஓடியிருக்கும். ஆனால் எங்களிடம் இருந்த சோதனைக்காரர்கள் எல்லாரும் கழுதையோடு வளர்ந்தவர்கள். அவர்கள் சிரிக்கிற வீடியோவைத்தான் ஷிஃபா, கேமை வெளியிட இருந்த, சோதனை வீடியோ கேட்டிருந்த கொழும்புக் கம்பனிக்கு அனுப்பியிருந்தாள். கம்பனிச் சேரிடமிருந்து பதில் வந்தது: பயம் வராத பயமுறுத்தல் எதற்கு, நாலாம் நிலவை வெட்டிவிடுங்கள், எதற்கும் நான் நேரில் வந்து பார்த்து முடிவு சொல்கிறேன்.

ஷிஃபா அன்று சாப்பிடவில்லை. "அத வெட்டினா மிச்சம் சும்மா சுத்திப் பாக்கிற சொப்பிங் கொம்பிளெக்ஸ் நானா," என்றாள். "அவங்க எடுக்காட்டி அறைய மூட வேண்டியதுதான். வெட்டினா அறை மிஞ்சும், எனக்கு ஒண்டும் மிஞ்சாது." எல்லாம் என் கழுதையால் வந்த வினை.

3. வண்ணாத்திவில்லுவில்

ஜெகனின் மனைவி வீட்டாருக்கு வண்ணாத்திவில்லுவில் கச்சான் கடலைத் தோட்டம் இருக்கிறது. மிருகம் எப்படிப் போனாலும் போகட்டும், நகரத்தின் பின்னணிக்கு நல்ல பூச்சிச் சத்தமாவது எடுப்போம் என்று இருவரும் போனோம். பொழுது சாய முன்னம் திரும்பிவிடுங்கள் என்று தோட்டத்தில் சொல்லித்தான் அனுப்பினார்கள். நாங்கள் கேட்டால்தானே! பொழுது மங்குகிற மஃரிபு நேரத்தில்தான் சில்வண்டும் தவளையும் கச்சேரி வைக்கும். குளக்கட்டில் மைக்கை நட்டுவிட்டு, ஒரு பெரிய புற்றின் ஓரமாகக் குந்தியிருந்தேன். ஹெட்போன் நிறையச் சத்தம். அப்படி ஒரு சுத்தமான ரெக்கோடிங் என் வாழ்நாளில் எடுத்ததில்லை.

திடீரென்று தூரத்துத் தவளைகள் நின்றன. பிறகு பக்கத்துத் தவளைகள். பிறகு சில்வண்டு. ஹெட்போனில் ஒன்றுமே இல்லை.

வயர் கழன்றுவிட்டது என்று நினைத்து ஜெக்கைத் தட்டப் போனேன். ஜெகன் என் கையை இறுக்கிப் பிடித்தான். அவன் முகத்தில் இரத்தமே இல்லை. தலையை மட்டும் மெல்ல ஆட்டினான், அசையாதே என்று.

பாலை மரத்துக்குப் பின்னாலிருந்து யானை வந்தது. அவ்வளவு பெரிய உடம்பு, ஒரு சருகு நொறுங்குகிற சத்தம் இல்லை. நாங்கள் புற்றோடு புற்றாக ஒட்டிக் கிடந்தோம். காற்று அது நின்ற பக்கமிருந்து எங்கள் பக்கம் வீசியதால் தப்பினோம். அது தும்பிக்கையைத் தூக்கியது, நின்றது, யோசித்தது, கட்டைத் தாண்டிப் போனது. எனக்குத் தெரிந்த ஓதல் எல்லாவற்றையும் ஓதி முடித்து முதலிலிருந்து தொடங்கியிருந்தேன். என் இடுப்பில் இருந்த சாரத்தின் நிலைமையை இங்கே எழுத மாட்டேன்.

பிறகு எங்கேயோ ஒரு சில்வண்டு தொடங்கியது. இன்னொன்று சேர்ந்தது. குளம் முழுக்கத் திரும்பவும் சத்தம்.

"அண்ணை, இனி மூச்சை விடுங்கோ," என்றான் ஜெகன்.

தில்லையடிக்கு வந்து ரெக்கோடிங்கைப் போட்டுக் கேட்டபோதுதான் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். ரெக்கோடரில் யானை இல்லை. யானை வந்ததற்குச் சாட்சியாகச் சத்தம் நின்றது மட்டும்தான் இருந்தது. கழுதையைத் தூக்கி எறிந்தோம். மிருகத்துக்குக் குரலே வேண்டாம். அது நெருங்க நெருங்கப் பூச்சிச் சத்தத்தை லேயர் லேயராக நிறுத்துவது, முதலில் தூரத்துத் தவளை, கடைசியில் காதோரச் சில்வண்டு. ஜெகன் கோட் எழுதினான். பொடியன்களைத் திரும்பவும் கூப்பிட்டோம். ஒவ்வொருவனும் முதல் தடவை பிடிபட்டான், ஆனால் ஒருவனும் சிரிக்கவில்லை. ஒருவன் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, "நானா, வீட்ட போறேன்," என்றான். எனக்குப் பெருநாள் வந்த மாதிரி இருந்தது.

4. காது படம்

கொழும்புச் சேர் வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் எதையும் தன் கையால் தொட்டால்தான் நம்புவார். மூன்று நிலவையும் ரசித்து விளையாடினார். நாலாம் நிலவில் ஒரு வீட்டுக்குள் நுழைந்தபோது பூச்சிச் சத்தம் அடங்கத் தொடங்கியது. அவர் ஹெட்போனைக் கழற்றினார். ஜெக்கைப் பிடுங்கிச் செருகினார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நானா, சவுண்ட் போயிட்டு. புரோகிராம்ல பக் ஒண்டு இருக்கு போல."

ஹெட்போனைத் திரும்பவும் மாட்டியபோது மிருகம் அவர் மேல் நின்றது. கதிரையோடு பின்னால் சாய்ந்து ஒரு கத்துக் கத்தினார், கீழே தகரம் வெட்டுகிறவன் வேலையை நிறுத்தினான். நானும் ஜெகனும் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு! ஆனால் சேர் சிரிக்கவில்லை.

"பயம் நல்லா இருக்கு. ஆனா இது அநியாயம்," என்றார். "சத்தம் நிண்டா ஆபத்துண்டு பிளேயருக்கு எப்படித் தெரியும்? ஸ்கிரீன்ல ஒரு காது படம் போடுங்க. மிருகம் கிட்ட வந்தா சிவப்பா மின்னட்டும்."

"சேர், காது படம் போட்டா ஒருத்தனும் காதால கேக்க மாட்டான்," என்றேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துதான் விட்டது. "எல்லாரும் படத்தத்தான் பாத்துக்கிட்டு இரிப்பாங்க."

"பாக்கட்டுமே. காது படம் போடுங்க, இல்லாட்டி அந்தப் பார்ட்டையே எடுங்க. இன்டைக்கே சொல்லுங்க, நான் கைச்சாத்துப் போட்டுட்டுப் போறேன்."

ஷிஃபா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் திறந்து சரி என்று சொல்லப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அவளைக் குறை சொல்ல முடியாது.

அந்த நேரம் பார்த்து ஷிஃபாவின் உம்மா படியேறி வந்தார். தூரத்திலிருந்து விருந்தாளி வந்திருக்கிறார் என்றால் கடைச் சாப்பாடு வாங்க விடமாட்டார் மாமி. சோறு, இறால் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி என்று கூடையைப் பரப்பினார். வழக்கு அப்படியே நிற்க, எல்லாரும் கை கழுவிச் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடித்த சேருக்கு மனம் இளகி, விளையாட்டுக் குணம் வந்துவிட்டது.

"ஆன்ட்டி, ஒருக்கா நீங்க வெளாடிப் பாருங்க. நீங்க முதல் தடவையிலயே தப்பிட்டீங்கண்டா நான் காது படம் கேக்க மாட்டேன்."

"எனக்கு இதெல்லாம் தெரியா மகன். மகள் வெளாட்டுச் செய்றாண்டு மட்டும்தான் தெரியும்."

"சும்மா உக்காருங்க மாமி," என்றேன் நானும். தோற்பார் என்றுதான் நினைத்தேன். எப்படியும் முடிந்த கதை, அவர் ஒருமுறையாவது மகளின் வேலையைப் பார்க்கட்டும் என்று பட்டது.

ஷிஃபா முக்காட்டுக்கு மேலே ஹெட்போனை மாட்டிவிட்டு, எந்தப் பட்டனில் நடப்பது என்று மட்டும் காட்டினாள். மாமி சுவரில் முட்டினார், வட்டமடித்தார், ஒருவாறு ஒரு வீட்டுக்குள் போனார். மேசையில் பாதிச் சாப்பாட்டோடு கோப்பைகள் இருந்தன.

"ஆருட வீடு இது? சாமானெல்லாம் போட்டது போட்டபடி கிடக்கு," என்றார்.

நான் இரண்டாவது ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தேன். தூரத்துத் தவளைகள் நின்றன.

மாமியின் முகம் மாறியது. அவர் எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. கதவுக்குப் பின்னால் போனார், பட்டனிலிருந்து விரலை எடுத்தார். வலது கை முந்தானையால் தன் வாயைப் பொத்தியது. இடது கை பின்னால் நீண்டு, நின்றுகொண்டிருந்த ஷிஃபாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, அவளைக் கீழே உட்காரவைத்து, தலையைத் தன் மடியோடு அமத்திப் பிடித்தது. ஸ்கிரீனில் மிருகம் அறைக்குள் வந்து, காது கொடுத்து நின்று, திரும்பிப் போனது. சில்வண்டு ஒன்று தொடங்கியது. அதற்குப் பிறகும் சற்று நேரம் மாமி பிடியை விடவில்லை.

"இனி நடக்கலாம் மகள்," என்றார்.

சேர் எழுந்து நின்றுவிட்டார். "காது படம் வேணாம்," என்றார், மெதுவாக.

ஷிஃபா மடியிலிருந்து தலையைத் தூக்கினாள். "உம்மா, நீங்க எப்படி அறிஞ்சீங்க?"

"அண்டைக்கும் இப்பிடித்தானே. முதல்ல தெரு அடங்கிச்சு. பாண்காரன்ட மணி இல்ல, அடுத்த வீட்டு ரேடியோ இல்ல, புள்ளையள்ட சத்தம் இல்ல. பொறகுதான் லவுட்ஸ்பீக்கரில ஊர விட்டுப் போகச் சொன்னாங்க. நான் மூத்தவள, ஒங்கட ராத்தாவ, இப்பிடித்தான் மடியில அமத்திக்கிட்டு கதவுக்குப் பின்னால நிண்டேன்."

அந்தக் கதையை ஷிஃபா அதுவரை தன் உம்மாவின் வாயிலிருந்து கேட்டதே இல்லை. நாலாம் நிலவை அவள் மற்றவர்கள் சொன்னதையும் தன் ஊகத்தையும் வைத்துத்தான் எழுதியிருந்தாள். அன்று மாமி சொல்லத் தொடங்கினார். பின்னேரத்து அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் வரைக்கும் சொன்னார். வீட்டில் என்னென்ன இருந்தது, எதை எடுத்தார், எதை எடுக்க மறந்தார், வழியில் யார் தண்ணீர் தந்தார்கள். சேர் கொழும்புக்குப் போகிற நினைப்பே இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். ஜெகன் எழுந்துபோய் மின்விசிறியின் கடகடப்பை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க வந்து உட்கார்ந்தான். கேம் வெளிவந்ததும், அதற்குப் பிறகு எங்களுக்குக் கிடைத்த பெயரும் எல்லாரும் அறிந்ததுதான். அந்த அறை இப்போது இல்லை, பெரிய இடத்துக்கு மாறிவிட்டோம். எனக்கு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்பது அந்தப் பிற்பகல்தான்.

பிள்ளைகளே, சவுண்ட் வேலைக்கு வருகிறவனுக்கு முதலில் சொல்லித் தருவது, கையில் ரெக்கோடர் இல்லாமல் இருக்காதே, நல்ல சத்தம் இரண்டாம் தடவை வராது என்பதுதான். நானும் அதைத்தான் உங்களுக்குச் சொல்லித் தருகிறேன். அன்றும் ரெக்கோடர் என் மடியில்தான் இருந்தது. பெட்டரி நிறைய இருந்தது. மாமி சொல்லி முடிக்கும் வரைக்கும் நான் அதை ஓன் பண்ணவில்லை.