விரிசல் என்று நான் எழுதிய ஆறு கோடுகள்

திங்கட்கிழமை காலை ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். அதில் தப்பு இருப்பது சனிக்கிழமை காலைதான் தெரிந்தது. கண்டுபிடித்தது நான் இல்லை, என் மனைவி லதா.

1. சிவப்பு நோட்டீஸ்

1991. எண்பத்தொன்பதாம் வருஷ நிலநடுக்கத்தில் ஆடிப்போன, கலிபோர்னியா பே ஏரியாவில் எங்கள் ஊரின் பழைய பப்ளிக் லைப்ரரி, யாரும் உள்ளே போகக் கூடாது என்ற சிவப்பு நோட்டீஸ் வாசலில் தொங்கப் பூட்டிக் கிடந்தது. இடிப்பதா, ரிப்பேர் செய்வதா என்று சிட்டி கவுன்சில் எங்களைக் கேட்டிருந்தது. நாங்கள் என்றால் நாலு பேர் இன்ஜினியரிங் ஆபீஸ். முதலாளி நடராஜன் சார், திருச்சிக்காரர்.

நான் மூன்று நாள் அளந்தேன். கம்பி இல்லாத செங்கல் சுவர். அதன் மேல் பூச்சில் ஆறு இடங்களில், தரையிலிருந்து ஆளுயரத்துக்கு மேல் வரை நேர்க்கோடாக வெடிப்பு. டிராயிங்கில் ஆறையும் சிவப்பு பென்சிலில் போட்டு, "இடிப்பதே நல்லது" என்று எழுதிவிட்டேன். காலேஜிலும் வேலையிலும் கான்கிரீட் மட்டுமே பார்த்தவன் நான். செங்கல் தெரியாது என்பதும் எனக்குத் தெரியாது.

2. திருப்பிக் கொடுக்காத புத்தகம்

லதாவுக்கு வேலைக்குப் போக அனுமதியில்லாத விசா. கார் ஓட்டவும் தெரியாது. நடந்து போகிற தூரத்தில் இருந்த ஒரே இடம் அந்த லைப்ரரி. நிலநடுக்கத்துக்கு முந்தின வாரம் ரோமானியக் கட்டடங்களைப் பற்றி ஒரு குண்டு படப் புத்தகம் எடுத்து வந்திருந்தாள். லைப்ரரியை மூடியதும் புத்தகம் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. அதை அவள் கரைத்துக் குடித்திருந்தாள்.

சனிக்கிழமை டைனிங் டேபிளில் நான் பரப்பியிருந்த போட்டோக்களைப் பார்த்தாள்.

"என்னங்க, இத ஏன் விரிசல்னு போட்டிருக்கீங்க?"

"வேற என்னவாம்?"

"விரிசல் இவ்வளவு நேராவா போகும்? இங்க பாருங்க." புத்தகத்தைத் திறந்தாள். பாம்பேய் என்ற பழைய ரோமானிய நகரம். எரிமலைச் சாம்பல் அதை மூடுவதற்குச் சில வருஷம் முன்னால் அங்கே பெரிய நிலநடுக்கம் வந்திருக்கிறது. குளியல் மண்டபம், சந்தை எல்லாம் ஆட்டம் கண்டன. ரோமானியக் கொத்தனார்கள் எல்லாவற்றையும் இடித்துத் தள்ளவில்லை. பலவீனமான வளைவு வாசல்களைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். உடைந்த மூலைகளைப் புதுச் செங்கலால் கட்டினார்கள். விழுந்த கல்லையே பொறுக்கித் திரும்ப வைத்தார்கள். பழைய சுவரும் புதுச் சுவரும் சேருகிற இடத்தில் படத்தில் ஒரு நேர்க்கோடு.

"இது ஒட்டுப் போட்ட இடம். நம்ம லைப்ரரியிலயும் அப்படி இருக்கலாம்ல? அவசரப்பட்டு இடிச்சிடாதீங்க."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

3. சுத்தியல்

நடராஜன் சாருக்குப் போன் போட்டேன்.

"உன் ரிப்போர்ட்ட நீயே தப்புங்கிறியா?"

"ஆமா சார். பூச்ச உடைச்சுப் பார்க்கணும்."

"சரி. நாளைக்கு சிட்டி ஆள்ட்ட சாவி வாங்கி வைக்கிறேன். தலைக்கு ஹார்ட் ஹாட் போட்டுட்டு வா."

ஞாயிற்றுக்கிழமை பகல் வெளிச்சத்தில் முதல் கோட்டின் மேல் சுத்தியலால் தட்டினேன். பூச்சு பாளமாக விழுந்தது. இடது பக்கம் கருஞ்சிவப்புப் பழஞ்செங்கல். வலது பக்கம் இளஞ்சிவப்பு, அளவே வேறு. மேலே தெளிவாக ஒரு வளைவு. யாரோ எப்போதோ, இன்னொரு நிலநடுக்கத்துக்குப் பிறகாக இருக்கலாம், அந்த வாசலை அடைத்து வளைவைத் தாங்கியிருக்கிறார்கள். அடுத்ததும் அப்படியே. மொத்தம் மூன்று வாசல்கள், வாசலுக்கு இரண்டு ஓரம். என் ஆறு கோட்டுக்கும் கணக்கு சரியாகிவிட்டது. செங்கலில் ஒரு விரிசல்கூட இல்லை.

"டேய், இது இத்தனை வருஷமா நின்னுட்டிருக்குடா," என்றார் சார். ஐம்பத்தைந்து வயது மனிதர், தலையெல்லாம் சுண்ணாம்புத் தூளோடு என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

திங்கட்கிழமை கவுன்சில் முன்னால் எழுந்து, என் முதல் முடிவு தவறு என்று சொன்னேன். அடைப்புகளை அப்படியே வைத்து, உள்ளே ஸ்டீல் ஃபிரேம் நிறுத்தி, சுவரைத் தளத்தோடு போல்ட் போட்டு இணைக்கலாம் என்றோம். ஒப்புக்கொண்டார்கள்.

நான் கற்றது ஒன்றுதான். சுவரில் ஒரு கோட்டைப் பார்த்தால், எனக்கு முன்னால் இதை யார் ரிப்பேர் செய்தார்கள் என்று முதலில் கேட்பேன். பென்சிலை அப்புறம்தான் எடுப்பேன்.

லைப்ரரி திறந்த அன்று லதா அந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்க் கவுன்ட்டரில் வைத்தாள். அங்கிருந்த பெண் தேதியைப் பார்த்துவிட்டு, இவ்வளவு நாள் இது எங்கே இருந்தது என்று கேட்டாள்.

"வேலைக்குப் போயிருந்தது," என்றாள் லதா.