வல்லம் வடகால் திருப்பம் வரை

என் கழுத்தைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம் விழுந்தபோது நான் சந்தேகப்பட்டது அடையாள அட்டையின் கயிற்றை. கம்பெனியில் என் லைனில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். எட்டு மணி நேரம் வியர்வையில் உரசினால் கறுக்காமல் என்ன செய்யும்? கயிற்றைக் கழற்றிப் போட்டுவிட்டு அட்டையைச் சட்டைப் பையில் மாட்டிக்கொண்டேன். கடலை மாவு போட்டுத் தேய்த்தேன், எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தேன், ஒருநாள் ஆத்திரத்தில் பாத்திரம் விளக்குகிற நாரை எடுத்தும் தேய்த்தேன். தோல்தான் எரிந்தது, கறுப்பு போகவில்லை.

இத்தனைக்கும் குறை கண்டுபிடிப்பதுதான் என் வேலை. ஒரகடம் தாண்டி ஒரு தொழிற்சாலையில், வட்ட விளக்கு பொருத்திய பூதக்கண்ணாடிக்குக் கீழே சர்க்யூட் போர்டுகளை வைத்துப் பார்க்கிறேன். எங்கே சால்டர் ஈயம் ஒட்டவில்லை, எங்கே ஒரு பாகம் விடுபட்டிருக்கிறது என்று சொல்ல வேண்டும். பன்னிரண்டு வருடமாக அதே ஸ்டூல். வீட்டிலும் அந்தப் புத்தி போகாது. தோசையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் என் கணவர், "வூட்லயும் க்யூசி-யா?" என்பார்.

அந்த வருடம் எனக்கு ஒரு தூக்கம் வந்து ஒட்டிக்கொண்டது. கேன்டீனில் சாதம் கேட்கிற மட்டும் கிடைக்கும். சாம்பாருக்கு, ரசத்துக்கு, மோருக்கு என்று மூன்று தடவை தட்டை நீட்டிவிட்டு வந்து ஸ்டூலில் உட்காருவேன். கண் திறந்தேதான் இருக்கும். போர்டு மட்டும் மெல்லப் பெரிதாகி ஓர் ஊராகும். செம்புக் கோடுகள் தெருக்களாகும். சின்னக் கறுப்புச் சில்லுகள் கம்பெனிக் கூரைகளாகும். நடுவில் இருக்கிற வெள்ளி வட்டம் செம்பரம்பாக்கம் ஏரி. அதன் கரையில் நான் நடந்துகொண்டிருப்பேன், செருப்பில்லாமல், உடம்பில் எடையே இல்லாமல். தண்ணீர்மேல் காற்று போகும். யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள். உண்மையைச் சொல்வதென்றால், அந்த நடை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

நான் கரையில் இருந்த நேரத்தில் பழுதான இரண்டு போர்டுகள் என் கையைத் தாண்டிப் போய்விட்டன. லைன் லீடர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். தயங்கித் தயங்கிச் சொன்னார். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. மூணு மாசத்துல ரீ-டெஸ்ட் வருது. இருபது போர்டு வைப்பாங்க. ஒண்ணு வுட்டாலும் பேக்கிங்குக்கு மாத்திடுவாங்க."

பேக்கிங் என்றால் எட்டு மணி நேரமும் நின்றுகொண்டே. எனக்கு அப்போது எண்பத்தாறு கிலோ, படி ஏறினாலே முழங்கால் பேசும். ஆனால் பயம் முழங்காலுக்காக மட்டும் இல்லை. அந்த விளக்குக்குக் கீழே நான் கெட்டிக்காரி. வேறு எங்கேயும் யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை. அந்த ஸ்டூலை விடக்கூடாது என்று மனசுக்குள் பிடிவாதம் பிடித்துக்கொண்டேன்.

படப்பையில் நான் பார்க்கிற டாக்டரம்மாவிடம் போனேன். தைராய்டு மாத்திரை இரண்டு வருடமாகச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன். டோஸ் ஏறிக்கொண்டே போனது, ரிப்போர்ட் மட்டும் அசையவில்லை. இந்த முறை அவர் புதிதாக எடுத்த ரத்தப் பரிசோதனையைப் பார்த்தார், பிறகு என் கழுத்தைப் பார்த்தார்.

"இது கயிறு உரசி வந்தது இல்லம்மா. உங்க உடம்புல இன்சுலின் நெறைய சுரக்குது. ஆனா அது சொல்றத உடம்பு கேக்கல. அதான் கழுத்து கறுக்குது, எடை ஏறுது, சாப்ட்டதும் கண்ண இழுக்குது. தைராய்டும் கூட சேந்துக்குது. மாத்திரைய எப்ப போடறீங்க?"

"நாலே முக்காலுக்கு. வெறும் வயித்துல," என்றேன் பெருமையாக.

"டீ?"

"அஞ்சு மணிக்கு, கம்பெனி பஸ் ஏறினதும்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். டீ உடனே போனால் மாத்திரை உடம்பில் சரியாகச் சேராதாம். முக்கால் மணி நேரமாவது விட வேண்டுமாம். இரண்டு வருடமாகப் பாதி மாத்திரையை வீணடித்திருக்கிறேன். கொஞ்சம் முன்னாடி எழுந்து போடக்கூடாதா என்று கேட்டார். "அதுக்கு முன்னாடின்னா அது நேத்து, டாக்டர்," என்றேன். அவர் சிரிக்கவில்லை. சாதத்தைப் பாதியாக்கு, சாப்பிட்டதும் பத்து நிமிடம் நட, டீயில் சர்க்கரை வேண்டாம், முதலில் அந்த ஐந்து மணி டீயைத் தள்ளு என்று எழுதிக் கொடுத்தார்.

தள்ளுவதற்கு அது என் டீ மட்டும் இல்லை. பஸ்ஸின் கடைசி வரிசைகளில் நாங்கள் ஆறு பெண்கள். வாரத்துக்கு ஒருத்தி வீட்டிலிருந்து பெரிய ஃப்ளாஸ்கில் டீ வரும். எல்லோரும் ஏறியதும் மூடி திறக்கும். யார் வீட்டு டீ என்று பார்க்காமல் குடிப்போம். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டு டீயை வேண்டாம் என்பதற்குப் பழைய அர்த்தம் ஒன்று உண்டு. நான் ஊர்த் தெருவிலிருந்து வருகிறவள். என் பக்கத்து சீட்டுக்காரி காலனியிலிருந்து வருகிறவள், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். ஆறு வருடமாக அவள் தோளில் சாய்ந்துதான் நான் ஒரகடம் வரைக்கும் தூங்கியிருக்கிறேன்.

அந்தத் திங்கட்கிழமை ஃப்ளாஸ்க் அவள் முறை.

வயிறு சரியில்லை என்றேன். செவ்வாய்க்கிழமையும் அதையே சொன்னேன். புதன்கிழமை பல்வலி என்றேன். வியாழக்கிழமை அவள் என்னைக் கேட்கவே இல்லை, என் தலைக்கு மேலே டம்ளரைப் பின்வரிசைக்கு நீட்டினாள். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "போன வாரம் உங்க தெருக்காரி கொண்டாந்த டீ மட்டும் நல்லா எறங்குச்சு."

வெள்ளிக்கிழமை அவள் முன் சீட்டுக்குப் போய்விட்டாள். நான் தனியாகக் கண்ணாடியில் தலை வைத்துக்கொண்டேன். வெளியே பனி. வயலாக இருந்த இடத்தில் கம்பெனி விளக்குகள் மிதந்துகொண்டு வந்தன. ஏரிக்கரையில் நடக்கிற மாதிரியேதான் இருந்தது, ஆனால் இந்தத் தடவை தனிமை சுட்டது. ஏன் சொல்லவில்லை? வியாதி என்று தெரிந்தால் லைன் லீடர் காதுக்குப் போகும், ஸ்டூல் போகும் என்று பயம். உடம்பு பெருத்தவள் சாக்கு சொல்கிறாள் என்பார்கள் என்ற ரோஷம். அவள் மனசு நோகட்டும், ஸ்டூல் இருக்கட்டும் என்று நான் கணக்குப் போட்டிருக்கிறேன். நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அடுத்த திங்கட்கிழமை முன் சீட்டுக்குப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மாத்திரை அட்டையையும் டாக்டர் எழுதிய தாளையும் அவள் மடியில் வைத்தேன். காலரை இழுத்துக் கழுத்தைக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன், ரீ-டெஸ்ட் உட்பட.

அவள் தாளை மடித்து என்னிடமே கொடுத்தாள். "இத சொல்ல ஒனக்கு ஒரு வாரமாக்கா? நான் இன்னா நெனச்சிக்கினு இருந்தேன்னு தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சிக்கினே இருந்தியா?"

"தப்புதான்" என்று மட்டும் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் நான் ஏறியபோது அவள் பழைய சீட்டில் இருந்தாள். அந்த வாரம் அவள் முறை இல்லை, ஆனாலும் ஃப்ளாஸ்க் அவள் மடியில் இருந்தது. படப்பை தாண்டியது. மூடி திறக்கவில்லை. ஒரகடம் மேம்பாலம் தாண்டியது. பின்னாலிருந்து, "இன்னாடி, ஆறிடப் போவுது" என்று ஒரு குரல். இவள் அசையவில்லை. என் மேல் இருக்கிற கோபத்தில் எல்லோரையும் காயப்போடுகிறாள் என்று நினைத்தேன். வல்லம் வடகால் திருப்பத்தில் பஸ் சாய்ந்து திரும்பியதும் செல்போனில் மணி பார்த்தாள். ஐந்தரை. மூடியைத் திறந்து, முதல் டம்ளரை என் கையில் கொடுத்தாள். சர்க்கரை இல்லை.

"கசக்குதுன்னு மொகத்த சுளிச்சே, அப்பிடியே மேல ஊத்திடுவேன்," என்றாள்.

அதன்பிறகு மூன்று மாதம். கேன்டீனில் ஒரே தடவை தட்டை நீட்டினேன். சாப்பிட்டதும் வெயிலில் பஸ்கள் நிற்கிற இடத்தைச் சுற்றி வந்தேன். "இன்னாக்கா, பஸ்ஸெல்லாம் பத்திரமா கீதா?" என்று டிரைவர்கள் கேலி செய்தார்கள். இறங்கியது நாலு கிலோதான். கழுத்து ஒரு சாயல் வெளுத்தது. ஆனால் ரிப்போர்ட் முதல் தடவையாக அசைந்தது, மதியத் தூக்கம் மெல்ல விலகியது.

ரீ-டெஸ்டில் பதினேழாவது போர்டின்போது ஏரி ஒரு தடவை கூப்பிட்டது. கரைவரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். அந்த போர்டின் மூலையில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல். இருபதிலும் எதையும் விடவில்லை. லைன் லீடர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஸ்டூல் எனக்கே.

மறுநாள் காலை அந்தச் சந்தோஷத்தில் படப்பை தாண்டியதும் நானே ஃப்ளாஸ்கை எடுக்கக் கை நீட்டினேன். என் பக்கத்து சீட்டுக்காரி பட்டென்று கையில் ஒன்று வைத்தாள்.

"கைய எடுக்கா. வல்லம் வடகால் வரல இன்னும்."

திரும்பிப் பார்த்தேன். ஐந்து மணிக்கே தொண்டை வறண்டு ஏறுகிற ஐந்து பெண்கள், காலி டம்ளர்களை மடியில் வைத்துக்கொண்டு இருட்டில் காத்திருந்தார்கள். மூன்று மாதமாகத் தினமும் அப்படித்தான் காத்திருந்திருக்கிறார்கள். நான்தான் அவள் தோளில் தூங்கிக்கொண்டே வந்திருக்கிறேன்.